ஒரு சாண் போதும்

ஞாயிற்றுக்கிழமை காலை முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்த கங்காணி சின்னையா, ரிட்டையர் ஆவதற்குள் வீட்டில் ஒரு சண்டையிலாவது ஜெயித்துவிடுவது என்று சபதம் எடுத்தார். பெரிய சண்டையாக இருக்க வேண்டும் என்றில்லை. சின்னதாக, கைக்கு அடக்கமாக ஒன்று கிடைத்தால் போதும். சபதம் எடுத்த வேகத்தில் சவரக் கத்தியால் தாடையில் கீறிக்கொண்டார். முதல் ரத்தம் தன்னுடையதாகவே இருந்ததை அவர் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

வெளியே, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில், அவருக்கு மரியாதைக்குக் குறைவில்லை. தேயிலை மலையில் விசிலை எடுத்து ஊதினால் அந்தச் சரிவே நிமிர்ந்து பார்க்கும். அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் பங்களாதேஷ்காரர்கள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் அவர் சொல்வதைச் சொன்னபடி செய்வார்கள். வீட்டில் மனைவி சாரதாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். சிக்கலே அங்கேதான்.

சின்னையாவின் சட்டங்களில் முக்கியமானது புது நடவுச் சட்டம். புதிதாகத் தேயிலைக் கன்று நட்ட இடத்தில் ஒரு கம்பை ஊன்றிச் சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். வேர் பிடிக்கும்வரை எவனும் அங்கே காலை வைக்கக் கூடாது. ஒருமுறை தோட்டத்துத் துரையே குறுக்கு வழியில் வந்தபோது, சின்னையா விசில் ஊதி நிறுத்திச் சுற்றிப் போகச் சொன்னார். துரையும் போனார். அந்தக் கதையைச் சின்னையா சொல்லிக் கேட்காதவர்கள் அந்த லயத்து வரிசை வீடுகளில் கிடையாது. சாரதா அதிகம் கேட்டிருக்கிறாள்.

இப்போது பிரச்சினை, அவருடைய மோட்டார், அதாவது பழைய மோட்டார் சைக்கிள்.

கல்யாணமான மறுநாள் சாரதாவைக் கம்போங் ராஜா ஊரிலிருந்து ஏற்றிக்கொண்டு வந்த மோட்டார் அது. மழையில், மலையேற்றத்தில் அது மூன்று இடத்தில் நின்றது. பட்டுச்சேலை கட்டிய புதுப்பெண் மூன்று இடத்திலும் இறங்கித் தள்ளினாள். சின்னையா அதைக் காதல் கதையாகச் சொல்வார். சாரதா அதே கதையை வேறு குரலில் சொல்வாள். அந்த மோட்டார் இப்போது ஹாலில் இருந்தது. முழுதாக இல்லை. உடம்பு சுவரோரம், டேங்க் சாமி படத்துக்குக் கீழே, சீட்டு டிவிக்குப் பக்கத்தில். சின்னையா அதை ரிப்பேர் பண்ணிக்கொண்டிருந்தார். மகள் யுவனேஸ்வரி பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆரம்பித்த ரிப்பேர். அவளுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

"என்னாங்க, தீவாளிக்கு யுவனேஸ்வரியும் மாப்பிள்ளையும் வர்றாங்க. கல்யாணத்துக்குப் பொறவு மொதத் தடவ. இந்தச் சாமான் ஹால விட்டுப் போவணும்."

"அது சாமான் இல்ல சாரதா. மோட்டாரு."

"ஓடுமா?"

"ஓடும்."

"எப்ப?"

சின்னையா தாடையைத் துடைத்துக்கொண்டார்.

"ஓடாததுக்குப் பேரு சாமான்தான்" என்றாள் சாரதா.

"ஸ்டோர் ரூம்புல வெச்சிக்கலாம் லா."

"தாராளமா வைங்க. ரூம்ப மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் விட்டுருவோம். நான் குசினியில அடுப்போரமா படுத்துக்குவேன். உங்களுக்கு ஸ்டோருதான். மோட்டார அங்க வெச்சிட்டு நீங்க எங்க படுப்பீங்க? பழைய இரும்பு லோரிக்காரன் தீவாளிக்கு முந்தி வருவான். அவன்கிட்ட ஒரு வார்த்த சொல்லிரவா?"

அந்த மோட்டார் மேல் சின்னையாவுக்கு உயிர். அது ஓடாது என்று அவருக்கும் தெரியும். ஓடாவிட்டால் என்ன, அவருக்கும்தான் முட்டி ஓடவில்லை. அதற்காக லோரியில் ஏற்றுவதா?

ஒரே ஒரு வழி இருந்தது. அவருடைய வீடு லயத்தில் கடைசி வீடு. பின்னால் இருந்த பழைய தண்ணித்தொட்டியைத் தோட்ட நிர்வாகம் இடித்துவிட்டு, மண்ணையும் நிரவிக் கொடுத்திருந்தது. வீட்டுக்காரரே புழங்கிக்கொள்ளலாம் என்று தோட்ட ஆபீஸ் கிராணி சொல்லிவிட்டார். கேமரன் மலையில் சமதரை கிடைப்பது பெரிய பாக்கியம். உருளைக்கிழங்கு கீழே விழுந்தால் கோலா தெர்லா ஊரில் போய்த்தான் பொறுக்க வேண்டும் என்கிற ஊர் இது. அந்தச் சமதரையில் ஒரு சின்ன பொண்டோக், அதாவது நாலு கம்பு நட்டு ஒரு கூரை போட்டால் மோட்டாரை அதற்குள் நிறுத்தலாம். பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அவரும் உட்காரலாம்.

ஆனால் சாரதா அந்த இடத்தை முன்பே பார்த்து வைத்துவிட்டாள். காய்கறித் தோட்டம் போடப்போகிறாளாம். முழு இடமும் வேண்டுமாம்.

நேராகக் கேட்டு எதையும் வாங்கிய அனுபவம் சின்னையாவுக்கு இல்லை. அதனால் அவர் யோசித்தார். தோட்டத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. தோட்டத்தைச் சின்னதாக்க வேண்டும். தோட்டம் எதனால் பெரிதாகிறது? செடிகளால் அல்ல, செடிகளுக்கு நடுவில் இருக்கும் சும்மா இடத்தால். அந்தச் சும்மா இடத்தைப் பிடுங்கிவிட்டால் சாரதாவின் தோட்டம் முழுவதும் பாதித் தரையில் அடங்கிவிடும். மீதிப் பாதி மோட்டாருக்கு. தன் மூளையை நினைத்து அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

காலைப் பசியாற உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தார்.

"செடிய எவ்வளோ தள்ளி வெக்கப்போற?"

"தக்காளிக்கு ஒன்றர அடி விடணும்னு புனிதா சொன்னா. மொளகாய்க்கும் அப்படித்தானாம்." புனிதா பக்கத்து வீடு. கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்தில் வேலை.

"புனிதாவுக்கு என்னா தெரியும்? வாழ்க்க பூரா நட்டவன் நான் சொல்றேன், கேளு. தேயிலையப் பாரு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத்தானே நிக்குது? நடுவுல ஒரு புல்லு மொளைக்குமா? வெயிலு மண்ணுல படுமா? ஒண்ணுக்கொண்ணு தொண. செடியும் மனுஷன் மாதிரிதான் லா. தள்ளி வெச்சா ஏங்கிப்போவும்."

தேயிலைக் கன்றை எவ்வளவு இடம் விட்டு நடுகிறார்கள் என்பது சின்னையாவுக்குத் தெரியும். நடவுக் கயிற்றில் அளந்து முடிச்சுப் போடுவதே அவர்தான். இடம் விட்டு நட்டு, வருஷக்கணக்கில் வளர்ந்த பிறகுதான் தேயிலை ஒட்டி நிற்கிறது. ஆனால் மோட்டார் விஷயத்தில் அவர் உண்மையைக் கொஞ்சம் ஓரமாக உட்கார வைத்திருந்தார்.

"அப்ப எவ்வளோ விடறது?"

சின்னையா கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து மேசைமேல் வைத்தார். "ஒரு சாண் போதும்."

"தக்காளிக்கு?"

"ஒரு சாண்."

"மொளகாய்க்கு?"

"ஒரு சாண்."

"கோபிசுக்கு? முட்டகோசு இவ்வளோ பெரிசா விரியுமே."

"விரியட்டும். பக்கத்துல ஒரு ஆளு இருந்தா அடங்கி விரியும்."

"கத்திரிக்கா?"

"எல்லாம் செடிதானே லா."

"சௌசௌ?"

இந்த இடத்தில் சின்னையா தோசையைப் பிய்ப்பதை நிறுத்தினார். சௌசௌ கொடியை ஊன்றிவிட்டு ஒரு மாதம் ஊருக்குப் போய் வந்தால் வீட்டையே தேட வேண்டியிருக்கும். ஆனால் பாதி ஆற்றில் நின்று திரும்ப முடியுமா?

"அதுவும்... ஒரு சாண்தான்."

சாரதா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"நீங்க சொன்னா சரிதான்."

கல்யாணமான நாளிலிருந்து அந்த வாக்கியத்தை அவர் கேட்டதில்லை. புத்தியுள்ள புருஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியிருப்பான். சின்னையா இன்னொரு தோசை கேட்டார்.

"அப்ப பாதி எடம் மிஞ்சுதே" என்று தற்செயலாகச் சொல்வதுபோல் சொன்னார்.

"மிஞ்சட்டும். உங்க மோட்டாருக்கு ஒரு பொண்டோக் கட்டிக்கங்க. பாவம், எத்தன நாளைக்குத்தான் அதுவும் டிவி பாத்துக்கிட்டுக் கெடக்கும்?"

சின்னையாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் பெண்ணையா இத்தனை நாள் தப்பாக நினைத்தோம் என்று உருகிப்போனார்.

மறுநாளே வேலை ஆரம்பமானது. பாதித் தரையில் சாரதா விதை போட்டாள். சின்னையா கூடவே குனிந்து, தன் கையாலேயே சாண் சாணாக அளந்து கொடுத்தார். ஒரு சாண் கணக்கில் போடப் போட விதை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. புனிதா கொடுத்த விதை மொத்தமும் தீர்ந்து, சாரதா இன்னும் வாங்கி வந்து போட்டாள். இவ்வளவு செடி எதற்கு என்று சின்னையாவுக்கு ஒரு கேள்வி எழுந்தது. நெருக்கமாக இருந்தால் நல்லது என்று சொன்னவரே அதைக் கேட்க முடியாது.

மீதிப் பாதியில் அவர் பொண்டோக் கட்டினார். கம்பும் கூரையும் கொண்டுவந்து கொடுத்தது புனிதாவின் புருஷன் நல்லுசாமி. கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லோரி ஓட்டுகிறவன். அவன் இறக்கிய கூரையைப் பார்த்துச் சின்னையா முகம் சுளித்தார். வெள்ளை பிளாஸ்டிக். கண்ணாடி மாதிரி வெளிச்சம் உள்ளே வந்தது.

"என்னா லா இது? தகரம் கெடைக்கலையா? மோட்டாருக்கு நெழலு வேணாமா?"

"இதான் நல்லது அண்ணே. வெளிச்சம் இருந்தாத்தான் ஸ்க்ரூ கீழ விழுந்தா தேடலாம்."

அது சரியாகத்தான் பட்டது. சின்னையாவின் கையிலிருந்து ஸ்க்ரூ விழாத நாள் கிடையாது.

"இவ்வளோ நீளம் எதுக்கு? ஒரு மோட்டாருதானே?"

"மோட்டாரச் சுத்தி நடந்து பாக்க வேணாமா?"

அதுவும் சரியாகப் பட்டது. சாரதாவும் அவ்வப்போது வந்து யோசனை சொன்னாள்.

"என்னாங்க, தரைக்குச் சிமெண்டு போட்டுராதீங்க. துரை பாத்தா கட்டடம் கட்டிட்டான்னு சொல்வாரு. மண்ணாவே இருக்கட்டும். சங்கோல் மம்பட்டிய எடுத்து நல்லா ஆழமா கொத்தி, கல்லுகில்லு இல்லாம எடுத்திருங்க."

"கல்லு எதுக்கு எடுக்கணும்?"

"டயரு பஞ்சராவும் லா."

டயரே இல்லாத மோட்டாருக்காகச் சின்னையா முட்டியைப் பிடித்துக்கொண்டு கல் பொறுக்கினார். மண்ணை மாவுபோல் கொத்தினார். மழைத்தண்ணீர் உள்ளே நிற்காமல் இருக்க, சாரதா சொன்னபடி நடுநடுவே வாய்க்கால்கூட இழுத்துவிட்டார். மண் இறுகட்டும் என்று அவள் இரண்டு சாக்குக் கோழி எருவைக் கொட்டியபோது மட்டும், "எருவுல மண்ணு இறுகுமா?" என்று கேட்டார்.

"முப்பது வருஷமா நடுறீங்க, இது தெரியாதா?" என்றாள் சாரதா.

தெரியாது என்று சொல்ல அவருக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

பக்கத்தில் விதை முளைத்து, நாளுக்கு நாள் பச்சை பிடித்து எழுந்தது. தினமும் சாயங்காலம் சின்னையா இடுப்பில் கை வைத்து நின்று அதைப் பார்ப்பார். "பாத்தியா? ஒண்ணோட ஒண்ணு எப்படித் தொணையா நிக்குது!" சாரதா தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "ஆமாங்க, உங்க புண்ணியம்" என்பாள். அந்த நாட்களில் சின்னையா மலைக்குப் போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டு போனதாக லயத்தில் சொன்னார்கள்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை வந்தது. மறுநாள் மோட்டாரைப் பொண்டோக்குக்குள் கொண்டுபோக நல்ல நேரம் பார்த்தாகிவிட்டது. எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் வாங்கி வைத்திருந்தார். அன்று காலை தேயிலை நாற்றுமேடையில் அவருக்கு வேலை. பைகளில் நெருக்கி அடுக்கிய கன்றுகள் வளர்ந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றன. வேலையாட்கள் மேல் சின்னையாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? ஒண்ணு மேல ஒண்ணு சாயுது பாரு! நாத்தா இருக்கறப்பதான் நெருக்கம். ஒரு சாண் வளந்துட்டா பிரிச்சுத் தள்ளித் தள்ளி நடணும். இல்லன்னா அத்தனையும் சாவும்!"

சொல்லி முடித்ததும் தான் எங்கேயோ எதையோ தவறவிட்டதுபோல் அவருக்கு ஒரு மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை. மத்தியானம் வீட்டுக்குத் திரும்பும்வரை பிடிபடவில்லை.

வீட்டுக்குப் பின்னால் போனதும் பிடிபட்டது.

பொண்டோக் முழுவதும் தக்காளிச் செடி. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, அவர் கொத்திய மண்ணில், அவர் இழுத்த வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும், அவருடைய நடவுக் கயிற்றையே கட்டி, ஒன்றரை அடி இடம் விட்டு நட்டிருந்தது. மேலே வெள்ளை பிளாஸ்டிக்கில் மழை தடதடவென்று அடித்தது. உள்ளே செடிகள் சொட்டு நனையாமல் நின்றன. கேமரன் மலையில் தக்காளிக்கு இப்படித்தான் கூரை போடுவார்கள். போகிற வருகிற வழியெல்லாம் அதை அவர் பார்த்துக்கொண்டேதான் போனார். தன் கையால் கட்டும்போது மட்டும் தெரியவில்லை.

செடி வரிசை நூல் பிடித்ததுபோல் நேராக இருந்ததை அந்த நேரத்திலும் அவர் கண் கவனித்தது. பழக்க தோஷம்.

"சாரதா!"

சாரதா கையில் மண்ணோடு வந்தாள். பின்னால் புனிதாவும் நல்லுசாமியும் நின்றார்கள். மூன்று பேர் கையிலும் மண்.

"என்னா லா இது?"

"நாத்தப் பிரிச்சு நட்டோம்."

"எந்த நாத்து?"

"நீங்க சாண் சாணா அளந்து போட்டீங்களே, அது நாத்துமேடதானே? அவ்வளோ நெருக்கமா வேற எதுக்குப் போடச் சொல்லப் போறீங்க? கங்காணிக்கா தெரியாதுன்னு நான் நெனச்சிக்கிட்டேன்."

சின்னையா தலையைச் சொறிந்தார். ஒரு சாண்தான் கணக்கு என்று இப்போது சொன்னால், நடவு தெரியாத கங்காணி என்று லயம் முழுக்கச் சிரிக்கும். நாற்றுமேடைதான் என்று ஒத்துக்கொண்டால் பொண்டோக் போனது போனதுதான். அவர் நல்லுசாமியைப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணே. அக்கா அளவு சொன்னாங்க, நான் லோரியில போட்டு எடுத்தாந்தேன்."

"அப்ப அந்தப் பாதி? நாத்து எடுத்த எடம் சும்மாதானே கெடக்கும்?"

"எப்படிச் சும்மா கெடக்கும்? நீங்கதான் அத்தனை நாத்து போட்டுக் குடுத்துட்டீங்களே. அங்க கோபிசு ஒன்றர அடிக்கு ஒண்ணு. மொளகாயும் அப்படி. கத்திரிக்கா ரெண்டடி. அதோட நெறஞ்சி போச்சி."

"அந்த மூல?"

"சௌசௌவுக்குப் பந்தல். அதுக்குப் பத்தடி வேணுங்க."

"இதுல ஒரே ஒரு செடியத் தள்ளி வெச்சா மோட்டாரு..." என்று சொல்லிக்கொண்டே சின்னையா பொண்டோக் பக்கம் ஒரு காலை எடுத்து வைத்தார். வைத்த காலை அப்படியே நிறுத்தினார். வாசலில் ஒரு கம்பு ஊன்றியிருந்தது. அதன் நுனியில் சிவப்புத் துணி கட்டியிருந்தது.

சாரதாவின் கழுத்தில் அவருடைய பழைய விசில் தொங்கியது.

"புது நடவுங்க" என்றாள் மெதுவாக. "துரையே சுத்தித்தான் போவணும்."

சின்னையா தூக்கிய காலைப் பின்னால் வைத்தார். புனிதா சிரிப்பை அடக்கிக்கொண்டு சேலைத் தலைப்பால் வாயை மூடினாள். நல்லுசாமி எங்கேயோ தூரத்து மலையைப் பார்த்தான்.

சின்னையா வீட்டுக்குள் வந்தபோது ஹால் பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. டிவிக்குப் பக்கத்தில் பூச்சாடி. சாமி படத்துக்குக் கீழே கோலம். மோட்டாரைக் காணோம். இரும்பு லோரி வந்துவிட்டுப் போய்விட்டதோ? தோட்டம் போனது, பொண்டோக் போனது, மானம் போனது, எல்லாம் போகட்டும். மோட்டாரைக் கொடுத்துவிட்டாளா? உண்மையிலேயே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"சாரதா... மோட்டாரு?"

"என்னா, ஏன் மொகம் இப்படிப் போவுது? அது என்னோட மோட்டாரும்தான். நான் தள்ளாம அது இந்த மல ஏறியிருக்குமா? இரும்பு லோரிக்குக் குடுக்கறதுக்கா அன்னிக்கு மழையில தள்ளினேன்? வாங்க."

ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளினாள். மோட்டார் அங்கே நின்றது. டேங்கைத் துடைத்து மோட்டாரில் மாட்டியிருந்தாள். சீட்டும் அதன் இடத்தில் இருந்தது. அதன்மேல் ஒரு பழைய பட்டுச்சேலையை மடித்துப் போட்டிருந்தாள். எந்தச் சேலை என்று சின்னையாவுக்குத் தெரிந்தது. விரலால் அதன் கரையைத் தடவினார். தோற்றுப்போனதுகூட ஒரு நிமிஷம் மறந்துபோனது.

பிறகுதான் கீழே பார்த்தார். மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே, மிஞ்சியிருந்த ஒடுக்கத்தில், அவருடைய பாயும் தலையணையும் போட்டிருந்தது. மோட்டாரின் செயினுக்கும் தலையணைக்கும் இடையில் எவ்வளவு இருக்கும் என்று அவர் கை தானாகவே விரிந்து அளந்தது. சரியாக ஒரு சாண்.

"சாரதா, இதுல நான் பொரண்டு படுக்க வேணாமா?"

"பக்கத்துல ஒரு ஆளு இருந்தா அடங்கிப் படுப்பீங்க" என்று சொல்லிவிட்டு, சாரதா தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றப் போனாள்.